பன்னிரண்டு சொற்களுக்கு ஓர் ஆள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் ரகுபதிக்கு வேலை. தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் இரும்பு அச்சுக்கு அங்கே டை என்று பெயர். டை தேய்ந்தால், உடைந்தால் அவர் கைக்குத்தான் வரும். தூக்கித் தூக்கி வயிற்றில் குடலிறக்கம் வந்து, அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. சின்ன ஆபரேஷன்தான். “கூட யாரு வருவாங்க?” என்று நர்ஸ் கேட்டபோதுதான் அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. “வருவாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி ஜெயலட்சுமி வாலாஜாபாத்தில் அவள் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. மகள் யுவஸ்ரீக்குக் காலேஜ் பக்கம் என்று போனார்கள். திரும்பி வருவதைப் பற்றி அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை. படப்பை வாடகை வீட்டில் ரகுபதி மட்டும் இருந்தார். ஒருவருக்குச் சோறு வைப்பது கடினம் என்பதால் இரண்டு பேருக்கு வைத்து, மறுநாளும் அதையே சாப்பிடுவார்.

அவரிடம் யாருக்கும் தெரியாத ஒரு சொத்து இருந்தது. ஊரடங்கு சமயத்தில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று ஓவர்டைம் காசைப் போட்டு பிட்காயின் வாங்க ஆரம்பித்தார். மற்றவர்கள் விற்றுவிட்டார்கள், இவர் யுவஸ்ரீக்கு என்று வைத்துக்கொண்டார். வாங்கிய ஆப் ஒருநாள் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தது. மறுபடி திறந்த அன்றே எல்லாவற்றையும் வழித்து, போனில் சொந்தமாக ஒரு வாலட், காசு வைக்கும் பர்ஸ் மாதிரி ஒரு ஆப், போட்டு அதற்கு மாற்றிவிட்டார்.

அந்த வாலட் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களைக் கொடுத்தது. போன் உடைந்தாலும் தொலைந்தாலும், வரிசை மாறாமல் அவற்றைப் போட்டால் காசு திரும்பி வந்துவிடும். சொற்களும் போய்விட்டால் கஸ்டமர் கேர், கோர்ட்டு, யாரிடம் போய் நின்றாலும் வராது. வேறு யாராவது பார்த்துவிட்டாலோ, காசு அவர்களுடையது. போட்டோ எடுக்காதே, மெயிலில் வைக்காதே, யாருக்கும் அனுப்பாதே என்றும் வாலட் சொல்லியிருந்தது.

தாளில் எழுதி வைக்கலாம். ஆனால் படப்பையில் ஒரு நல்ல மழை பெய்தால் அவர் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். அதனால் டூல் ரூம்காரருக்குத் தோன்றுகிற யோசனை அவருக்குத் தோன்றியது. டைகளில் நம்பர் பொறிக்கிற எழுத்து உளிகளை எடுத்து, சீட்டில் குறித்துப் போன சொற்களைக் கழிவு ஸ்டீல் தகட்டில் சுத்தியலால் அடித்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும், அதை வைத்தே முழுச் சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம். வேலை சுத்தமாக வந்தது. தீயில் வேகாது, தண்ணீரில் ஊறாது.

கேட்டைத் தாண்டி எடுத்துப் போவதைத்தான் அவர் யோசிக்கவில்லை. ஒரு போல்ட் வெளியே போவதற்கும் கேட் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் இது என்ன என்று சொல்ல வேண்டும். தகடு அவருடைய டூல் பாக்ஸின் அடியிலேயே தங்கிவிட்டது. காவல் இருக்கிறது, கேமரா இருக்கிறது, இதைவிடப் பத்திரமான இடம் ஏது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஸ்கேன் எடுக்க லீவு போட்டுவிட்டுத் திரும்பியபோது டை ரேக்கின் முகப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இரண்டு ஸ்க்ரூ போட்டு அந்தத் தகடு மாட்டியிருந்தது.

“யாருடா மாட்டுனது இத?”

“நான்தாண்ணா” என்றான் கூட வேலை பார்க்கும் இளம்பரிதி. “ஆடிட்னு சொல்லி எல்லா பாக்ஸையும் கொட்டச் சொன்னாங்க. டை நம்பர் தகடு, நீ மாட்ட மறந்துட்ட போலன்னு மாட்டிட்டேன். இன்னா, ரேக் மாறிப் போச்சா?”

“யாரு யாரு பாத்தாங்க?”

“ஆடிட் ஆளு, பிளான்ட் ஹெட்டு, அல்லாரும்தான் பாத்தாங்க. லேபிள் சூப்பரா கீதுன்னு போட்டோ கூட எடுத்துக்கினு போனாங்க. இன்னாண்ணா, மூஞ்சி இப்டி போவுது? வயிறு வலிக்குதா?”

“ஆமாடா” என்றார் ரகுபதி.

தகட்டைக் கழற்றி கிரைண்டரில் வைத்தார். எழுத்துகள் பொறியாகப் பறந்தன. அதனால் என்ன பயன், போட்டோ வெளியே போய்விட்டது. புரிந்தவன் ஒருவன் பார்த்தால் போதும். வேறு வாலட்டுக்கு மாற்றலாம் என்றால் போன் கேட்டில் இருந்தது, உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. ஷிப்ட் முடியும்வரை அவர் எத்தனை டை பார்த்தாரோ, ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பக்கத்து ஆளிடம் சொல்லிப் புலம்பவும் முடியாத சங்கடம் அது.

கேட்டில் போனை வாங்கியதும் கம்பெனி பஸ்ஸில் ஏறாமல் ஓரமாக நின்று திறந்தார். அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. அங்கேயே புதிய வாலட் போட்டு, புதிய பன்னிரண்டு சொற்களை டிபன் பில்லின் பின்பக்கம் எழுதி, எல்லாவற்றையும் மாற்றினார். அத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் அது என்ன என்று தெரியவில்லை. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை மயக்கத்திலிருந்து நான் எழுந்திருக்காவிட்டாலும் இந்தக் காசு யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற நினைப்பு கூடவே பஸ் ஸ்டாப் வரை வந்தது.

யுவஸ்ரீக்கு போன் போட்டார். ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிட்காயின் விஷயத்தைச் சொன்னார்.

“ஐயோ, பிட்காயினா? நீயா? சும்மா சொல்லாதப்பா.”

“நெசமா. பன்னெண்டு வார்த்தை கீது. உன் கிட்டயும் ஒரு காப்பி இருக்கணும்.”

“சரி, வாட்ஸப்ல போட்டு வுடு.”

“போடக் கூடாது. போன்ல சொல்லவும் கூடாது.”

“அப்புறம்?”

“நேர்ல வரணும்.”

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். “ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா சீக்கிரம் கெளம்பிடுவேன், இன்டர்னல் டெஸ்ட் கீது” என்றாள்.

சொன்னபடி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாப்பா வூடு இப்டி வச்சிருக்க” என்றாள். சொற்கள் எழுதிய டிபன் பில் தாளை ரகுபதி அவளிடம் தரவில்லை. உன் கையெழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு உனக்குப் புரியும் என்று சொல்லி, தான் வாசிக்க அவளை எழுத வைத்தார். அவர் உச்சரிப்பைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு. ஸ்பெல்லிங் சொல்லுப்பா என்பாள். அவர் எழுத்து எழுத்தாகச் சொல்லுவார். நடுவில் ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்டாள். சொன்னார். “வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட்டு” என்று எழுதுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “பரவால்ல, எழுது” என்றார். அவள் திருப்பிப் படித்தாள், அவர் தாளில் விரல் வைத்துச் சரிபார்த்தார். வேலை முடிந்தது. பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவள் தாளை மடித்து ஆதார் கார்டு உறைக்குள் செருகினாள். ஷேர் ஆட்டோ நிற்கும் இடம்வரை கூடவே போனார்.

“மாசத்துக்கு ஒருவாட்டி ரெண்டு தாளையும் நேர்ல வச்சு ஒத்துப் பாக்கணும்” என்றார்.

“அது ரூலா?”

“ரூலுதான்.”

ஆட்டோவில் ஒரு பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தாள். யுவஸ்ரீ ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா கிட்ட வியாழக்கிழமை உன்கூட இருக்கச் சொல்லிப் பாக்கறேன்” என்றாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.