தாட்சண்யமும் ஒரு டேபிள் ஃபேனும்

விழுப்புரத்து சலூனில், எனக்குப் பின்னால் வந்த இருவரை முன்னால் விட்டுவிட்டு, டேபிள் ஃபேனின் கடகட சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். தாட்சண்யம் என்பது இல்லையென்று சொல்ல வாய் வராத வியாதி. எனக்கு அது அப்பா வழி.

சின்ன வயதில், திண்டிவனத்தில் எங்களிடம் இருந்தது ஒரே ஃபேன். ஒரு சித்திரையில், கைக்குழந்தை புழுக்கத்தில் அழுகிறதென்று எதிர்வீட்டு அக்கா வந்து கேட்டதும், அப்பா தானே தூக்கிப்போய்க் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

"ஊருக்கெல்லாம் தாட்சண்யம் பாருங்க. பெத்த புள்ள சொறிஞ்சிக்கினு கெடக்கட்டும்!" என்று மூன்றாம் நாள் மதியம் அம்மாவே எதிர்வீட்டிலிருந்து ஃபேனைத் திரும்ப வாங்கிவரக் கிளம்பினாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"எங்க ஃபேனு?" என்றார் அப்பா.

"கொழந்த இப்பத்தான் தூங்குது. காத்து மூஞ்சில அடிச்சிக்கினு இருந்துச்சி, நான்தான் திருப்பி வெச்சிட்டு வர்றேன்."