தனியாகக் கேட்காத கேள்வி

அன்று மதியம் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தனியாக அழைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளா? மாதங்கள் ஓடிவிட்டன, எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. சில நாட்களில் சொல்லியிருப்பாள் என்று தோன்றுகிறது. வேறு சில நாட்களில், மாமியாரிடமே சொல்லாதவள் என்னிடம் எதற்குச் சொல்லப்போகிறாள் என்று தோன்றுகிறது. இரண்டில் எதை நம்பினாலும் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

நான் பிலாட்டிஸ் சொல்லிக்கொடுப்பவள். பாயில் படுத்தும் உட்கார்ந்தும், மூச்சின் போக்கோடு வயிற்றையும் முதுகையும் வலுவாக்கும் பயிற்சி அது. சென்னையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். கணவருக்குக் காட்டுப்பள்ளியில் துறைமுக வேலை கிடைத்தபோது, மூன்று வயது மகளுடன் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவர் குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். புயல் வந்தால் தங்குவதற்காகக் கட்டிய பெரிய மாடிக் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. புயல் இல்லாத நாட்களில் கல்யாணமும் கூட்டமும் அங்கேதான். மீன் விற்று முடித்துப் பெண்கள் வீடு திரும்பியபின், வாரம் மூன்று நாள் மதியம் அதில் வகுப்பு நடத்திக்கொள்ள ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

முதல் நாள் பதினைந்து பேர் வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கு பேர். அதில் ஒருவர் தூங்கிவிட்டார். "நாபியை முதுகுத்தண்டோடு சேருங்கள்" என்று சென்னையில் சொன்னதையே இங்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இன்னா டீச்சர், படுத்துக்கினு கால ஆட்டறதுக்கு நாங்க இன்னா கைக்கொயந்தையா?" என்று கேட்டார் மீன்காரக்கா. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்றுக் கழுத்து வலியோடு வருகிறவர். ஐம்பது வயதிருக்கும். அவர் வாயைத் திறந்தால் கூடமே சிரிக்கும்.

என்ன செய்வது என்று தெரியாமல் அன்று அவரிடமே கேட்டேன். "வயித்த உள்ள இழுக்கணும்கா. எப்படிச் சொன்னா புரியும்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தாங்கடி, மார்கழியில விடிகாலையில ஏரியில எறங்குறோம். தண்ணி இடுப்புக்கு ஏறுது. அப்ப வயிறு இன்னா பண்ணும்?"

தூங்கி எழுந்தவருடையது உட்பட நான்கு வயிறுகளும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. சரியாக, நான் பயிற்சிக்கூடத்தில் பார்த்ததைவிடச் சரியாக.

அதற்குப் பிறகு நான் மாறினேன். காலை நீட்டுவதற்குப் படகைத் தள்ளும் நிலை, முதுகை உருட்டுவதற்கு வலையைச் சுருட்டுவது என்று பெயர் வைத்தேன். எண்ணிக்கையையும் அவர்களிடமே விட்டேன். அவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். மீனை எண்ணும்போது முதல் மீன் 'லாபம்'. அப்புறம்தான் ரெண்டு, மூணு. தலையையும் தோளையும் தூக்கிக் கைகளை மேலும் கீழும் அசைத்து நூறுவரை எண்ணும் பயிற்சியை, "லாபம், ரெண்டு, மூணு" என்று கூவிக்கொண்டு செய்தார்கள். இருபது பேர் வந்தார்கள். என் மகளும் அவர்களுக்கு நடுவில் படுத்துக் கையை அடித்துக்கொண்டிருப்பாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் மறுபடி ஆள் குறைந்தது. எல்லோரையும் வரவைக்க இன்னொன்று செய்தேன்.

ஏரியில் எந்த நாள் யார், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு வந்த நாளில் போகாதவன் அதை இழந்தவன்தான், அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே காய்ச்சலோடும் போவார்கள். பெண்களுக்கு அதில் பாடு கிடையாது. நான் டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டு, ஒவ்வொரு வகுப்பையும் யார் முன்னால் உட்கார்ந்து நடத்துவது என்று பாடு வைத்தேன்.

"அவனுங்களுக்கு ஏரியில பாடு, நமக்குப் பாயில பாடு!" என்றார் மீன்காரக்கா. அன்றிலிருந்து யாரும் வராமல் இருந்ததில்லை. தன் பாடு வரும் நாளில் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட உண்டு. நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்களுக்குப் பயிற்றுநர் படிப்பில் முதலில் கற்பிப்பது ஒரு விதி. ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலும் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும்: வலி உண்டா, உடம்பில் ஏதாவது மாற்றம் உண்டா. தொடக்கத்தில் கேட்டேன். இருபது பேரைக் கேட்டு முடிப்பதற்குள் பாதிப்பேர் அலுத்துப்போனார்கள். கலகலப்பு கெடுகிறதே என்று அதையும் விளையாட்டாக்கினேன். "எல்லாரும் எப்படி இருக்கோம்?" என்று நான் உரக்கக் கேட்பேன். "நல்லாருக்கோம்!" என்று கூடம் அதிரும். யாராவது சோர்வாக இருந்தால் மீன்காரக்கா விடமாட்டார். "இன்னாடி, தல சுத்துதா? மாங்கா வேணுமா?" எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அப்படி அதிகம் கேலிக்கு ஆளானவள் நண்டு கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலை பார்த்த பெண். கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. கேலி செய்தால் அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். என் மகளுக்கு அவளைத்தான் பிடிக்கும்.

அவள் பாடு வந்த அன்று தாமதமாக வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாடி, மூஞ்சி இப்பிடிக் கீது?" என்றார் மீன்காரக்கா.

"வெயிலு அத்த. வேற ஒண்ணும் இல்ல."

நான் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நொடியை எத்தனை முறை திரும்பத் திரும்ப நினைத்திருப்பேன்! வழக்கம்போல எல்லோரையும் சேர்த்துத்தான் கேட்டேன். அவளும் மற்றவர்களோடு "நல்லாருக்கோம்" என்றாள். பிறகு ஊக்கப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு சொன்னேன்: "இன்னைக்கு உன் பாடு. விட்டுடாதே!"

"பாடு வந்தா வுட முடியுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தாள். "எங்க நைனாவுக்கு ஏரியில பாடு விழுந்த நாளு மாதிரி கீது."

அழகாக நடத்தினாள். லாபத்தில் தொடங்கி நூறுவரை குரல் இறங்காமல் எண்ணினாள். முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

நான்காம் நாள் மீன்காரக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடையை இறக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கலைஞ்சி போச்சி டீச்சர். ரெண்டு மாசமாம். மூணு முடிஞ்சதும் சொல்லலாம்னு யாருக்கும் மூச்சு வுடாம இருந்திருக்குது." கூடையை ஒரு கையால் சரிசெய்துகொண்டார். "நான் வேற அந்தப் பொண்ண அப்பிடிக் கேலி பண்ணினேன்."

அவளைப் பார்க்கப் போகும்போது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். குழந்தையைப் பார்த்தால் அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் தனியாக வந்ததைப் பார்த்ததும், "பாப்பா எங்க?" என்றாள். தூங்குகிறாள் என்று பொய் சொன்னேன். நான் எதை நினைத்து அழைத்து வரவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்புறம் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

டாக்டர், 'எதனாலும் இல்லை, இப்படிச் சிலருக்கு ஆவது உண்டு, நீ செய்த எதுவும் காரணமில்லை' என்று சொல்லியிருக்கிறார். அவள் மாமியார்தான் அதை என்னிடம் சொன்னார், பால் கலந்த டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே. ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "அன்னைக்கு நான் நல்லா எண்ணினேனாக்கா?"

நல்லா எண்ணினே என்றேன்.

"டாக்டரே சொல்லிட்டாரே, இன்னும் எதுக்கு மனசைப் போட்டுக் குழப்பிக்கிறே?" என்கிறார் கணவர். நான் படித்தவையும் டாக்டர் சொன்னதையேதான் சொல்கின்றன. என் பயிற்சியால் நேர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று பகலில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவள் 'இன்றைக்கு முடியாது' என்று சொல்வதற்கு நான் இடம் வைக்கவில்லை. எல்லா இடத்தையும் சிரிப்பால் அடைத்து வைத்திருந்தேன். அதை எந்த டாக்டரும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆறு வாரம் வகுப்பை நிறுத்தினேன். மீன்காரக்கா விடாமல் நச்சரித்ததால் மறுபடி தொடங்கினேன். இப்போது படிக்கட்டுப் பக்கம் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்கிறேன். நேரமாகிறது. ஒருவரும் அலுத்துக்கொள்வதில்லை, அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சீட்டு இன்னும் போடுகிறோம். வேண்டாமென்றால் அடுத்தவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். பழைய சத்தம் இல்லை.

அவள் வரவில்லை. போன வாரம் மீன்காரக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், வரும் வெள்ளிக்கிழமை வருகிறாளாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் நான் கேட்டால், அன்று தான் செய்ததால்தான் போயிற்றோ என்ற எண்ணம், டாக்டர் சிரமப்பட்டு எடுத்துப்போட்ட அந்த எண்ணம், அவளுக்கு மறுபடி வந்துவிடாதா? என் மனம் லேசாவதற்காக அவள் மனத்தில் பாரம் ஏற்றுவதா? கேட்காமல் பாயை விரித்துக் கொடுத்தால், ஒன்றுமே நடக்காதது போலாகிவிடாதா?

இதைப் படிப்பவர்களில் அப்படி ஒன்றை இழந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அப்போது உங்கள் அருகில் இருந்த ஒருத்தி வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால், அது உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா? வெள்ளிக்கிழமை அவள் வருவதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.