மாட்டுக்கொட்டகைக்குப் போன சன்னல்

பழைய வீட்டைச் செப்பனிடுவதைவிட இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது சுலபம் என்று நான் அப்பாவிடம் சொன்னேன். எனக்கு அப்போது வயது பதினொன்று. யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் ஓடுகளை இறக்கினார்கள். சித்திரைக்குள் முடித்துத் தருகிறேன் என்றார் கொத்தனார். ஆடிக் காற்று வந்த பிறகும் நாங்கள் களத்தில் போட்ட ஓலைப் பந்தலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றில் மணல், மோரில் மணல், என் கணக்கு நோட்டில் சுண்ணாம்பு.

கொத்தனார் இரண்டு நாள் வருவார், நான்கு நாள் காணாமல் போவார். ஒருமுறை அப்பா தேடிக்கொண்டு போனால், பக்கத்து ஊரான கோபாலபுரத்தில் வேறு யாருக்கோ தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தாராம். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, "செவுரு காயோணுமுங்க. அது காயறவரைக்கும் நானும் அங்கயே நின்னு பாத்துட்டு இருக்க முடியுமுங்களா?" என்றார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. என்னை யாரும் பேச விடவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அண்ணன்கள் இருவரும் ஏர் பிடிக்கப் போனார்கள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. இதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. அந்தக் கட்டட வேலையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், ஒரு சன்னல். பழைய வீட்டில் புகை போகும் ஓட்டையைத் தவிர வெளிச்சத்துக்கு வழி கிடையாது. நான் நிலைப்படியில் உட்கார்ந்து படிப்பேன். போகிறவர்களும் வருகிறவர்களும் என் புத்தகத்தைத் தாண்டித்தான் நடப்பார்கள், சில சமயம் மிதித்தும்.

"எங்கப்பன் சன்னலில்லாத ஊட்டுல எழுவது வருசம் இருந்தாரு. மூச்சு முட்டியா செத்தாரு?" என்பார் அப்பா. இரண்டு வேளை நான் சாப்பிடாமல் இருந்ததும் பொள்ளாச்சியில் இடித்த ஒரு வீட்டிலிருந்து தேக்குச் சன்னல் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு இரும்புக் கம்பி, இரண்டு கதவு. ஒன்றே ஒன்று. நான் அதைத் துடைத்து எண்ணெய் போட்டேன். உள்ளறையின் கிழக்குச் சுவரில் இடம் பார்த்து, கரியால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் என் பெயரையும் எழுதி வைத்தேன்.

அத்தனை மாதமும் சமையலறைக்கு ஒரு பலகைகூடக் கேட்காத அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அந்தச் சன்னல கொட்டாய்க்குப் பின்னால இருக்குற ரூமுக்கு வெச்சுருங்க."

மாட்டுக்கொட்டகையை ஒட்டிய இருட்டு அறை அது. தும்பும் கயிறும் புண்ணாக்கு மூட்டையும் கிடக்கும். அம்மா வீட்டுக்குத் தூரமாகிற மூன்று நாளும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது. ஏன் என்று கேட்டால் காக்கா தொட்டுவிட்டது என்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"அந்த ரூமுல இனி யாரு இருக்கப் போறா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி என்று மகிழ்ந்துபோனேன். அம்மா என் தலையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். அப்பா அவளைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். அதோடு பேச்சை விட்டுவிட்டார். எனக்காக ஒரு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கலாம் என்று இருந்தது.

கொத்தனார் வந்த நாள், அம்மா என்னைக் கையைப் பிடித்து அந்த அறைக்கு இழுத்துப் போனாள். மண் தரையில், சுவரோரமாக உட்காரச் சொன்னாள். மடியில் புத்தகத்தை விரிக்கச் சொன்னாள்.

"எதுக்கு?"

"சும்மா உக்காரு கண்ணு."

என் தோள் உயரத்துக்குச் சுவரில் கரிக்கோடு இழுத்தாள். கொத்தனார் முன்னால் தரையில் உட்கார அவளுக்கு வெட்கம், அதனால் என்னை அளவுகோலாக்குகிறாள் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது.

"அம்மிணி, இத்தனை தாழ வெச்சா ஆடு எட்டிப் பாக்குமுங்க" என்றார் கொத்தனார்.

"பாத்துட்டுப் போவுது. நீங்க வெய்யுங்க. கதவுக்கு உள்பக்கமாத் தாப்பாள் வேணும். கீழ சிமிட்டி பூசிருங்க."

சிமெண்டுத் தரை வேறு. வீட்டுக்குள்ளேயே சாணி மெழுகிய தரைதான். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாசத்துல மூணு நாளு நீ உக்கார்றதுக்குச் சன்னல், முப்பது நாளும் படிக்கிற எனக்குச் செவுரா?" என்று கத்தினேன்.

கொத்தனார் திடீரென்று மும்முரமாகக் கலவையைக் குழைக்கத் தொடங்கினார். வாசலில் நின்ற அப்பா, எந்தக் குறையும் இல்லாத காளைகளைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு முகம் சிவந்தது. ஆனால் கோபப்படவில்லை.

"ஆமா சாமி, எனக்குத்தான். எனக்கும் வெளிச்சம் வேணுமல்ல" என்றாள்.

ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. உள்ளறைச் சுவரில் நான் போட்ட கட்டத்தின் மேல் அவளே வெள்ளையடித்தாள். மூன்று பூச்சு தேவைப்பட்டது.

அந்த வேலை தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அம்மாவுக்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்திருந்தது. வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். கட்டியோடு சேர்த்து வேறு எதை எடுத்தார்கள் என்பதைப் பத்து வயதுப் பெண்ணிடம் யார் சொல்வார்கள்? சன்னல் வைத்தபோது, அம்மா அந்த அறையில் உட்கார்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்குகிற நான் அதைக் கவனிக்கவே இல்லை. அப்பா, இரண்டு அண்ணன்கள். அவர்களைத் தவிர எங்கள் வீட்டில் இருந்தது அவளும் நானும்தான்.