மல்லாட்டைக் கழனியில் ஒரு வகுப்பு

கொரோனாவில் கல்லூரி மூடியதும், கணினித் துறையில் இருந்த என்னிடம் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. மற்ற ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலானோர் போனிலேயே கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். தாவரவியல் மேடத்துக்காக மட்டும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திலுள்ள அவர் வீட்டுக்குத் தினமும் வண்டியில் போனேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட அவர், அடுப்பில் பாலை வைத்தவர்போல லேப்டாப்பை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்.

பட்டன்களைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது பிள்ளைகளின் மௌனம்தான். எல்லோரும் கேமராவை அணைத்துவிடுவார்கள். திரையில் வெறும் பெயர்கள்.

"சொவரைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு சார். வேலைய விட்டுடலாமான்னு தோணுது" என்றார்.

ஒருநாள் வேர்முடிச்சு பற்றிப் பாடம். நடுவில் யாரோ மைக்கை அணைக்க மறந்ததில், பெண்கள் பேச்சும் சிரிப்பும் கேட்டன. நான் அணைக்கப் போனேன். மேடம் என் கையைத் தடுத்தார்.

"யாரும்மா அது?"

"சாரி மேடம்." வல்லம் பக்கத்துப் பெண். "கழனியில இருக்கேன். மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கினே கேக்கறேன்."

"மல்லாட்டையா! கேமராவைப் போடு."

"வேணாம் மேடம், ஒடம்பெல்லாம் மண்ணு."

"நீ வேணாம், செடியக் காட்டு. ஒண்ணே ஒண்ணு புடுங்கு."

அந்தப் பெண் தயங்கினாள். பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது: "புடுங்குடி, டீச்சர் கேக்கறாங்க இல்ல!"

நிலக்கடலைச் செடியின் வேர் திரை முழுக்க வந்தது. கடுகு கடுகாக முடிச்சுகள்.

"நகத்தால ஒண்ணக் கிள்ளு. உள்ள என்ன கலரு?"

"ரோஸ் மேடம்!"

"அதான்! ரோஸா இருந்தா முடிச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். காத்துல இருக்கற நைட்ரஜனப் புடிச்சு செடிக்குக் குடுக்கறது அந்த முடிச்சுதான்." மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். காணை கிராமத்திலிருந்து ஒரு பையன் கேமராவைப் போட்டு, தன் வீட்டுக் கொல்லை அவரைச்செடியின் வேரைக் காட்டினான். பிறகு இன்னொரு முகம், இன்னொன்று. மேடம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எளச்சிட்டியே, சாப்பிடறியா?" என்று விசாரித்தார். பாடம் அன்று முடியவே இல்லை.

சாயங்காலம் போன் செய்தார். "நாளைக்கு நீங்க அலைய வேணாம் சார். நானே பாத்துக்கறேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல், மறுநாள் வீட்டிலிருந்தே, கேமராவை அணைத்துவிட்டு, வகுப்பில் ஓசைப்படாமல் நுழைந்து உட்கார்ந்தேன்.

"யாரு அது திண்டிவனம்? கேமராவைப் போடுங்க!" என்றார் மேடம்.

போட்டேன்.