இரண்டு கைப்பிடி சோப்புத் தூள்

எலப்புள்ளியில் எங்கள் வீட்டு போர் தண்ணீர், குடத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அதில் சோப்பு நுரைக்காது. திரிந்த பால் போல மிதக்கும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வேட்டிக்கு இரண்டு கைப்பிடி தூள் என்பது அளவு. அலசும்போது துணி விரலில் கரகரவென்று பிடித்தால்தான் சோப்பு போய்விட்டது என்று அர்த்தம். கடின நீர், மென்னீர் என்று பள்ளியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். துணி துவைக்க அது உதவும் என்று அப்போது தோன்றவில்லை.

மகனுக்குப் பெண் நிச்சயம் செய்ய சித்திரபுரம் போனோம். முந்தின நாள் மாலையே போய்ப் பெண் வீட்டாரின் குவார்ட்டர்ஸில் தங்கினோம். விடிந்ததும் பையைத் திறந்தேன். சம்பந்தி வீட்டுக்கென்று என் மனைவி போட்ட மாங்காய் ஊறுகாய், மலை வளைவுகளில் குலுங்கி, என் ஒரே பட்டுக்கரை வேட்டியில் பாதி இறங்கியிருந்தது. பத்து மணிக்கு நிச்சயம். வேட்டி இல்லாவிட்டால் பஸ்ஸில் கசங்கிய பேண்ட்தான். யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஓட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கவே இரண்டு முறை யோசிக்கிற ஆள்.

சத்தமில்லாமல் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். வாளியில் வழக்கமான இரண்டு கைப்பிடியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். நுரை எழுந்தது. வாளியை விட்டு இறங்கியது. என் முழங்காலைத் தொட்டது. பயந்து தண்ணீர் ஊற்றினேன், அதுவும் நுரையானது. அடுத்த வீட்டு வாசலை நோக்கி வெள்ளையாக ஊர்வலம் போனது.

கறை போய்விட்டது. துணி மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. அலசினேன், பிழிந்தேன், மறுபடி அலசினேன். பன்னிரண்டாவது தடவையில் பெண்ணின் அம்மா காப்பியோடு வந்து நின்றார்.

"ஏண்ணே, என்னத்தப் பண்ணுறீக? ஓடை பூரா பொங்கி ஓடுது!"

"சோப்பு போகமாட்டேங்குதுங்க. இன்னும் வழுக்குதுங்க."

அவர் வேட்டியின் நுனியைப் பிழிந்தார். தெளிந்த தண்ணீர் சொட்டியது. "அது எப்பவோ போயிருச்சுண்ணே. எங்க தண்ணி அப்படித்தேன், அலசுனாலும் வழுக்கும். எம்புட்டுப் போட்டீக?"

இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன்.

"அடியாத்தி! எங்களுக்கு ரெண்டு வாரத்துக்குக் காணுமே!"

கொடியில் போட்ட வேட்டி மூடுபனியில் காயவில்லை. இன்னும் கொஞ்சம் நனைந்தது. ஒன்பதரை மணிக்குப் பெண்ணின் அப்பா தன்னுடைய ஒட்டிக்கோ வேட்டியை நீட்டினார். அவர் ஒல்லி. என் இடுப்பில் அது நுனியில்தான் ஒட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு சபையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, இது ஆரு வேட்டிங்க?" என்று மனைவி காதில் கேட்டாள்.

பெண்ணின் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே சம்பந்திக வேட்டிய மாத்திக்கிட்டாக மதினி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சரக்கென்று ஒரு சத்தம். ஒரு கை இடுப்பில், ஒரு கை தட்டில் என்று நிச்சயம் முடிந்தது.

கல்யாணமாகி வந்த முதல் வாரம், மருமகள் எங்கள் குழாயடியில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டுவிட்டு வாளியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, நுரையவே காணோமே?"

"உங்கம்மாளக் கேளு சாமி. எங்கூரு அளவு அவுங்களுக்குத் தெரியும்."