அறுந்து போகாத பெல்ட்

1. இரண்டு விரல்

ஹட்டன் டவுனில் கோழித்தீனும் மாட்டு மருந்தும் மரக்கறி விதையும் விற்கும் ஒரு கடையில் இருபத்தாறு வருடம் நின்றேன். உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கடையில் இருந்தது ஒரே நாற்காலி, அது முதலாளியுடையது.

முதல் நாளே தப்புப் பண்ணினேன். பங்களா டிரைவர் ஒருவர் வந்து நாய்க்கு பெல்ட் கேட்டார். கழுத்துப்பட்டி என்று எழுதலாம், ஆனால் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை, பெல்ட் என்றுதான் கேட்பார்கள். "என்ன கலர் வேணும்?" என்று கேட்டேன். சிவப்பு என்றார். கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். அது குட்டிக்குப் போடுகிற பெல்ட். அவருடைய நாய்க்குப் பாதிக் கழுத்துக்கூட சுற்றவில்லை.

முதலாளி அவர் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா ஸ்டெல்லா, நாய்க்கு பெல்ட்டு கேட்டா கலரா கேக்குறது? கல்யாணப் பொண்ணுக்கு வளையலா வாங்க வந்திருக்காரு?"

டிரைவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் போன பிறகு முதலாளி ஒரு பெல்ட்டை என் மணிக்கட்டில் மாட்டிக் காட்டினார். "கழுத்த அளந்துட்டு வரச் சொல்லு. போட்டதுக்கு அப்புறம் ரெண்டு வெரலு உள்ள போகணும். ஒரு வெரலுதான் போகுதுன்னா நாய்க்கு மூச்சு முட்டும். மூணு வெரலு போச்சுன்னா பெல்ட்டு மட்டுந்தான் வீட்ல இருக்கும்."

அன்று முதல் பெல்ட் கேட்டு வருகிறவர்களிடம் நூல் கேட்க ஆரம்பித்தேன். நாயின் கழுத்தைச் சுற்றி ஒரு சாக்கு நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டு வர வேண்டும். கொண்டு வராதவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "பெரிய ஆஸ்பத்திரி டொக்டர்கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் அளந்து வருவார்கள்.

2. கழுத்துக்குள் போன பெல்ட்

வலப்பனைப் பக்கமிருந்து ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் புண், மருந்து வேண்டும் என்றார். நாற்றம் தாங்க முடியவில்லை. ரோமத்தை ஒதுக்கிப் பார்த்தால் பெல்ட்டையே காணோம். மூன்று மாதக் குட்டியில் மாட்டியதை ஒரு வருடமாக யாரும் தளர்த்தவில்லை. நாய் வளர்ந்தது, பெல்ட் வளரவில்லை. சதை அதை மூடிவிட்டது. மிருக வைத்தியரிடம் அனுப்பி வைத்தேன். அவர் வெட்டி எடுத்தார், நாய் பிழைத்தது.

அதற்குப் பிறகு குட்டிக்கு பெல்ட் வாங்குகிறவர்களை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விரலை விட்டுப் பார்ப்போம் என்று வாயால் சொல்ல வைத்துத்தான் விட்டேன். இழுக்கிற நாய்க்குக் கழுத்தில் போடாதே, நெஞ்சைச் சுற்றிப் போடுகிற வாரைப் போடு. சின்ன நாய்க்குக் கனமான சங்கிலி வேண்டாம். கொக்கி சுழல்கிறதா பார், இல்லாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன். "ஸ்டெல்லா அக்காகிட்ட கேட்டு வாங்கு" என்று ஊரில் ஒரு பேர் வந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை மறைக்கவில்லை.

3. சூட்டி

மகேஸ்வரி மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் இருப்பவள். புருஷன் இறந்ததும் மகன் தினேஷின் படிப்பை நிறுத்தி, கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவனுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் வீட்டில் அவன் வளர்த்த நாய் இருந்தது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, அதனால் பேர் சூட்டி. இரண்டு நாளைக்கு ஒருமுறை வீடியோ கோல் எடுப்பான். "போனை நாய்ப் பக்கம் திருப்பு" என்பான். மகேஸ்வரி திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் நாயோடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவன் வீட்டுக்கு வந்ததும் நாய்க்காகத்தான்.

"இது இருக்கிற வரைக்கும் அவன் வருவான்க்கா" என்று முதல் தடவை கடைக்கு வந்தபோதே என்னிடம் சொன்னாள்.

அன்று அவள் வந்த காரணம் வேறு. சூட்டி அவள் பின்னாலேயே கொழுந்து பறிக்கிற மலைக்குப் போகும். ஒரு நாள் வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையாவின் காலைக் கவ்விவிட்டது. பல் படவில்லை, காற்சட்டைதான் கிழிந்தது. நாயைக் கட்டிப் போடச் சொல்லிவிட்டார். நான் நூலை வாங்கி அளந்து, கிளிப் வைத்த ஒரு நைலோன் பெல்ட்டும் மெல்லிய சங்கிலியும் கொடுத்தேன். நாட்டு நாய்க்கு அது போதும்.

4. அறுந்தது

இரண்டு மாதம் கழித்து அந்த பெல்ட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கிளிப் உடைந்து, தையல் பிரிந்து கிடந்தது.

"அக்கா, நீங்க குடுத்தது அறுந்துபோச்சு."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். முதலாளி நாற்காலியில் இருந்தபடியே கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நம்ம ஸ்டெல்லா பாத்துக் குடுத்ததா? அப்பிடி அறுந்து போகாதே!" என்று கேலி பண்ணினார். எனக்கு முகம் சுட்டது.

மகேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிட்டு வர்றேன், சங்கிலி மட்டும் தூண்ல தொங்குது. ஓடிப்போச்சுன்னு தேடுனா, காம்பராவுக்குள்ள கட்டிலுக்கு அடியில படுத்துக் கெடக்கு. ரெண்டு நாளா வெளிய வரமாட்டேங்குது. சோறும் திங்கல. ஒடம்பு நடுங்குது."

"யாராவது பட்டாசு போட்டிருப்பாங்க" என்றேன். என் கை அதற்குள் மேல் தட்டில் பெல்ட் தேடிக்கொண்டிருந்தது.

"கண்டாக்கையா கடைசியா சொல்லிட்டாருக்கா. இன்னொரு தடவ அவுந்து மலைக்கு வந்துச்சுன்னா லயத்துல நாயே இருக்கக் கூடாதுங்கிறாரு. நல்ல பெலமானதா பாத்துக் குடுங்க. பஸ்ஸு போயிரும்."

கடையிலேயே பலமானதை எடுத்தேன். இரட்டைத் தோல், ஒன்றரை அங்குல அகலம், இரண்டு முள் வைத்த இரும்பு பக்கிள். சங்கிலியையும் தடித்ததாக மாற்றினேன். நூலை வைத்து அளந்தேன், இரண்டு விரல் போகிற மாதிரிக் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன்.

"இதுல மாட்டக் கட்டினாலும் அறுக்காது" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். அப்பா பொழுது சாயும் முன்பே எங்கள் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்து முப்பது வருடம் ஆனதில் அது என் மண்டையை விட்டே போய்விட்டது. ஒரு நாய் எதைக் கண்டால் பெல்ட்டை அறுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இரண்டு நாள் கிடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. என் கடைப் பொருள் அறுந்துவிட்டதே என்றுதான் யோசித்தேன்.

5. அறுந்து போகாதது

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் சொப்பிங் பேக். அதற்குள்ளிருந்து பெல்ட்டையும் சங்கிலியையும் எடுத்து வைத்தாள். கழுவிக் காயவைத்திருந்தாள்.

"புலி புடிச்சிருச்சுக்கா."

மலையில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் ஆறு மணி, நல்ல பனி. பீலியில் தண்ணீருக்கு நின்றிருக்கிறாள். சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சிறுத்தை தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. கடித்துக் கொன்ற சூட்டியைச் சிறுத்தையால் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. சங்கிலி விடவில்லை.

"நல்ல பெல்ட்டுக்கா. ஒண்ணுமே ஆகல பாருங்க. வேற யாருக்காவது குடுங்க, புதுசாத்தான் இருக்கு."

அவள் குத்திக் காட்டிப் பேசவில்லை. மனதாரச் சொன்னாள். முதல் தடவையாக, காலியாகக் கிடந்த முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எங்க கட்டியிருந்தே மகேஸ்?"

"வாசல் தூண்லதான். எப்பவும் அங்கதானே கட்டுவேன்."

"கதவு?"

"தொறந்துதான் இருந்துச்சு. இந்தா இருக்க பீலிக்குத்தானே போனேன்."

"மொத தடவ அறுந்தப்பவும் அப்பிடித்தானா?"

"அப்பவும் அப்பிடித்தான். மறுநா பக்கத்துக் காம்பராக்காரரு கோவாப் பாத்தியில தடம் இருக்குன்னாரு. நாய்த் தடமா இருக்கும்னு விட்டுட்டோம்."

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. முதல் தடவையும் சிறுத்தைதான் வந்திருக்கிறது. மட்டமான கிளிப் உடைந்ததால் சூட்டி உள்ளே ஓடித் தப்பித்தது. நான் அதைக் குறை என்று நினைத்து, உடையாத ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டேன். அவள் தனியாக இருக்கிற காம்பராவில் ஒரு நாய் படுக்க எவ்வளவோ இடம் இருந்தது.

அன்று அவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்தேன்.

6. போன்

அவள் மகனிடம் சொல்லவில்லை. கெமரா உடைந்துவிட்டது என்றாள், சிக்னல் இல்லை என்றாள், நாய் மலைக்குப் போயிருக்கிறது என்றாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மறுபடியும் கடைக்கு வந்தாள்.

"நான் சொன்னா இனிமே வீட்டுப் பக்கமே வரமாட்டான்க்கா. நீங்க சொல்லுங்க. நீங்க வெவரம் தெரிஞ்சவங்க."

கடைக்குப் பின்னால், தீன் மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவளுடைய போனிலேயே பேசினேன். யார் என்று சொன்னேன், சூட்டியைப் புலி பிடித்ததைச் சொன்னேன்.

பிறகு கேட்டான். "அம்மா எங்க இருந்தாங்க?"

"பீலியில தம்பி."

"கதவு தொறந்துதானே இருந்திருக்கும். ஏன் உள்ள ஓடல?"

வளர்த்தவன் அல்லவா, நேராக அந்த இடத்துக்கு வந்துவிட்டான். மகேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"தம்பி, ஒங்கம்மா மேல தப்பு இல்ல. மொத பெல்ட்டு அறுந்ததே புலி வந்துதான். அவங்க நாய் நடுங்குதுன்னு சொன்னாங்க, கட்டிலுக்கு அடியில கெடக்குதுன்னு சொன்னாங்க. எங்க கட்டுறீங்க, எப்ப அறுந்துச்சுன்னு நான்தான் கேக்கல. கேக்காமலே இரும்பு மாதிரி ஒண்ண எடுத்துக் குடுத்துட்டேன். ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க."

அவன் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி ஆன்ட்டி" என்றான். கட் பண்ணிவிட்டான்.

"தீபாவளிக்கு வர்றேன்னானா?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"ஒண்ணும் சொல்லல."

போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

அந்தத் தோல் பெல்ட்டை நான் விற்கவில்லை. வெட்டிக் குப்பையில் போட்டேன். அதன் பிறகு கடையில் இருந்த காலம் முழுக்க, நூலைக் கையில் வாங்கும் முன்னே எங்கே கட்டுவீர்கள் என்றுதான் கேட்டேன். பழையது அறுந்தது என்று வந்தால் எப்போது அறுந்தது, அறுத்த பிறகு நாய் எங்கே ஓடியது என்று கேட்டேன். காட்டை ஒட்டிய லயம் என்றால், பொழுது சாயும் முன் அவிழ்த்து உள்ளே விடச் சொன்னேன். "ஒரு காம்பராவுல ஆறு பேரு படுக்கிறோம், நாய எங்கங்க விடுறது?" என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் கேட்டேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் பெல்ட் வரும் பெட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

தீபாவளிக்கு தினேஷ் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டான். இதை மகேஸ்வரி மாசி மாதம் ஹட்டனுக்கு வந்தபோது கடை வாசலில் நின்று சொன்னாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. நான் படியிறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சுக்க மகேஸ் என்றேன். எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்து, வாய்க்குள்ளேயே நின்ற வார்த்தை அது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபமும் படவில்லை.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா" என்றாள்.