துணி ரோல் தராசு

அந்த அறையில் நான் இருந்தேன். என் மனைவி சரசு கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவள் தம்பி சுவரோரம் நின்றான். எதிரில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி நர்சம்மா.

"தினமும் எடை பார்த்து எழுதுன நோட்டு குடுங்க" என்றார் நர்சம்மா.

"நோட்டெல்லாம் இல்லீங்க. அப்படி யாரும் சொல்லலீங்க" என்றேன்.

"இதயம் பலவீனமானா உடம்புல தண்ணி கோக்கும். எடை மளமளன்னு ஏறும். மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுனா ஓடி வரணும். இதக்கூடவா சொல்லல?"

எங்கள் ஊர்ப்பக்க ஆஸ்பத்திரியில் அந்த வருடம் மூன்று தடவை சேர்த்தோம். ஊசி போட்டு, வீக்கம் வடிந்ததும் அனுப்பினார்கள். நான்காம் தடவை மூச்சே விட முடியாமல் இங்கே வந்தோம். நோய் ஒன்றுதானே? ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வைத்தியம் மாறுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சான் கம்பெனில துணி ரோல கிராம் சுத்தமா எடை போடுவாருங்க. அக்காவ மட்டும் போடல" என்றான் மச்சினன்.

அவளுக்குச் செருப்பு நுழையவில்லை என்றபோது பெரிய செருப்பு வாங்கித் தந்தவன் நான்.

ஐம்பத்து நான்கு கிலோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது தினமும் காலையில், முதல் ரோலுக்கு முன்னால், கம்பெனித் தராசில் அவளை ஏற்றுகிறேன்.

"ஏனுங்க, என்னையும் லோடு ஏத்தி அனுப்பப் போறீங்களா?"

"ஆடாம நில்லு."

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரை அதே ஊர்ப்பக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்கும் இதே நோய். அங்கே இன்னமும் எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

சரசுவுக்கு இன்று காலை, ஐம்பத்து நான்கு கிலோ இருநூறு கிராம்.